ஓசோனை அளக்கும் கருவியைச் சரிபார்ப்பது எப்படி? டாப்சனின் கதை

போனில் யுவி இண்டெக்ஸ் பார்த்துவிட்டு சன்ஸ்கிரீன் போடுபவரா நீங்கள்? புற ஊதாக் கதிர் உங்கள் தோலை எவ்வளவு தாக்கும் என்பதில் ஓசோன் படலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் படலத்தை அளக்கும் அலகின் பெயர் 'டாப்சன் யூனிட்'. யார் அந்த டாப்சன்?

வீட்டில் பிறந்த கருவி

கார்டன் டாப்சன் 1889-ல் பிறந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர். 1924-ல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே தன் வீட்டிலேயே முதல் கருவியை உருவாக்கினார். ஐடியா சிம்பிள்தான். ஓசோன் அதிகம் விழுங்கும் ஒரு புற ஊதா அலைநீளம், அவ்வளவாக விழுங்காத இன்னொன்று. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் என்று தெரிந்துவிடும்.

1920களின் கடைசியில் அவர் கருவிகள் எகிப்து, கலிஃபோர்னியா, நியூசிலாந்து என்று போயின. ஒன்று நம்ம கொடைக்கானலுக்கும் வந்தது!

சூரியனுக்கு எடைக்கல் ஏது?

கடைத் தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்க்கலாம். சூரிய ஒளியை அளக்கும் கருவியை? காலையில் சூரியன் சாய்ந்திருக்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. மேலே ஏற ஏற அந்தத் தூரம் குறைகிறது. தெளிவான நாளில் அரைநாள் அளந்து, வரைபடத்தில் கோட்டை நீட்டினால், காற்றே இல்லாவிட்டால் கருவி என்ன காட்டும் என்பது கிடைக்கும். அதுதான் எடைக்கல்.

முதல் சந்தேகம் கருவி மேல்

1956-ல் அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்தில், வசந்த காலத்தில் எதிர்பார்த்ததைவிட சுமார் 150 யூனிட் குறைவாக ஓசோன் பதிவானது. டாப்சன் முதலில் சந்தேகப்பட்டது கருவியையும் அதை இயக்கிய விதத்தையும்தான். நவம்பரில் அளவு சட்டென்று ஏறியது. அடுத்த ஆண்டும் அதே கதை. கருவியில் தப்பில்லை, அண்டார்டிகாவின் இயல்பே அப்படி என்று புரிந்தது.

அந்தப் பதிவு ஏன் முக்கியம்? அங்கே அக்டோபர் மாத இயல்பு சுமார் 300 யூனிட். 1984-ல் அது 200-க்கும் கீழே போயிருந்தது. கருவியை மாற்றிப் பார்த்தபோதும் சரிவு மாறவில்லை. 1985-ல் ஓசோன் ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். பழைய அளவீடுகளை நம்ப முடியாமல் போயிருந்தால், சரிவு என்று எதை வைத்துச் சொல்வது?

இதைப் பார்க்க டாப்சன் இல்லை, 1976-லேயே காலமாகிவிட்டார். ஆனால் 83-ம் எண் டாப்சன் கருவிதான் உலகத்துக்கே முதன்மைத் தரம். அதை ஹவாயின் மௌனா லோவா மலை மேல் வைத்து, அதே சூரிய முறையில் சரிபார்க்கிறார்கள்.