சேன் கிரே

சேன் கிரே (ஜனவரி 31, 1872 – அக்டோபர் 23, 1939) ஓர் அமெரிக்கப் புதின எழுத்தாளர் ஆவார். அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட குதிரைவீரர் கதைகளால் உலகெங்கும் அறியப்பட்டவர். தொண்ணூறுக்கு அண்மையான நூல்கள் இவர் பெயரில் வெளிவந்துள்ளன. அவற்றுள் பல அவர் இறந்த பின்னர் அச்சேறியவை. இவரது கதைகளைத் தழுவி நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் எடுக்கப்பட்டன. ஆனால் கதை எழுதி ஈட்டிய பணத்தின் பெரும்பகுதியை இவர் செலவிட்டது கடலில் தூண்டில் போடுவதற்கே. புளோரிடா, கலாபகசுத் தீவுகள், மெக்சிக்கோ, தஹிட்டி, ஆஸ்திரேலியா எனத் தூண்டில் மீன்பிடிப்புக்காக மட்டுமே நெடும்பயணம் செய்து, அவற்றைப் பற்றித் தனி நூல்களும் எழுதினார். வெப்பமண்டலக் கடல்களுக்கு மீன்பிடிக்கவென்று செல்லும் வழக்கம் பரவியதில் இந்நூல்களுக்குப் பெரும் பங்குண்டு.

இளமை

ஒகையோ மாநிலத்தின் சேன்சுவில் நகரில் பிறந்தார். இந்நகரை நிறுவிய எபனீசர் சேன் இவரது தாய்வழி முன்னோர். இயற்பெயர் பேர்ள் சேன் கிரே. பேர்ள் என்பது பெண்களுக்கு வைக்கும் பெயராக இருந்ததால் பின்னாளில் அதைக் கைவிட்டார். தந்தை பல் மருத்துவர், கண்டிப்பானவர். மகனும் அத்தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என விரும்பினார். பேஸ்பால் ஆட்டத்தில் கிரேக்கு இருந்த திறமையால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 1896 இல் பல் மருத்துவப் பட்டம் பெற்று நியூயார்க்கில் தொழில் தொடங்கினார். அத்தொழிலில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஓய்வு நாட்களில் தெலாவேர் ஆற்றுக்குச் சென்று தூண்டில் போடுவார். 1902 இல் அச்சான இவரது முதல் கட்டுரையும் அந்த ஆற்றில் மீன்பிடித்த அனுபவத்தைப் பற்றியதே.

1900 இல் அதே ஆற்றங்கரையில் லினா எலிஸ் ரோத் என்பவரைச் சந்தித்தார். டாலி என அழைக்கப்பட்ட இவரை 1905 இல் மணந்தார். இருவருக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்தனர். கணவரின் கையெழுத்துப் படிகளைத் திருத்துவது, பதிப்பாளர்களுடன் பேசுவது, கணக்கு பார்ப்பது ஆகிய அனைத்தையும் டாலியே செய்தார். கிரே அரிசோனாவுக்குச் சென்ற 1907 ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பணம் வந்ததும் டாலிக்குக் கிடைத்த குடும்பச் சொத்திலிருந்துதான். அப்பயணத்தின் பயனாக எழுதிய நூலை ஹார்ப்பர் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் மறுத்துவிட்டார். இவரிடம் எழுத்துத் திறமை இருப்பதாகத் தெரியவில்லை என்றும் கூறினார். ஆயினும் 1912 இல் அதே பதிப்பகம் வெளியிட்ட "ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்" என்ற புதினம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது.

லாங் கீயும் போன்ஃபிஷும்

புளோரிடாவின் தென்முனையில் மாலை போல் நீளும் சிறு தீவுகளில் ஒன்று லாங் கீ. ஹென்றி பிளாக்லர் கடலின் மீது அமைத்த இருப்புப்பாதை இத்தீவு வழியாகச் சென்றதால், இருப்புப்பாதை நிறுவனம் இங்கு ஒரு மீன்பிடி விடுதியை நடத்தியது. 1910களின் தொடக்கம் முதல் கிரே தம் தம்பி ஆர். சி. கிரேயுடன் இங்கு வரலானார். விடுதியினர் 1917 இல் அமைத்த மீன்பிடிச் சங்கத்துக்கு முதல் தலைவராகவும் இருந்தார். மெல்லிய நூலும் இலேசான கோலும் கொண்டு மீனுடன் போராட வேண்டும், பிடிபட்ட மயில்மீன்களை இயன்றவரை உயிருடன் கடலில் விட்டுவிட வேண்டும் என்பவை இச்சங்கம் வலியுறுத்திய கொள்கைகள்.

முதுகில் பாய் விரித்தது போன்ற துடுப்பை உடைய மயில்மீன் ஆழ்கடல் மீன். கிரேயை அதற்கு நிகராக ஈர்த்தது கரையோரத்து மீனான போன்ஃபிஷ். இது பெரும்பாலும் மூன்று நான்கு கிலோவைத் தாண்டாது. முள் மிகுந்தது என்பதால் அமெரிக்காவில் உணவுக்கென்று தேடுவாரும் குறைவு. ஓதம் ஏறும்போது முழங்கால் அளவு நீருள்ள மணல் திட்டுகளுக்கு நண்டும் இறாலும் தேடி வரும். தலையை மணலில் புதைத்து இரை தேடுகையில் வாலின் நுனி மட்டும் நீருக்கு மேலே வெயிலில் மின்னும். நிழல் விழுந்தாலோ படகில் சிறு ஒலி எழுந்தாலோ ஓடிவிடும். தூண்டிலில் சிக்கினால் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் நூலையும் இழுத்துச் செல்லும். நாட்கணக்கில் வெறுங்கையுடன் திரும்பிய பிறகே கிரே சகோதரர்கள் இதைப் பிடிக்கக் கற்றனர். இக்கதை 1919 இல் வெளிவந்த "டேல்ஸ் ஆஃப் ஃபிஷஸ்" நூலில் ஒரு தனி அத்தியாயமாக உள்ளது.

கிரே இம்மீனைப் பிடித்தது உயிர் இரை கொண்டு. இறகும் மயிரும் கட்டிச் செய்த "ஃபிளை" என்னும் போலி இரையை அவர் ஆற்று மீன்களுக்கே மிகுதியும் பயன்படுத்தினார். கடலில் அம்முறை பரவியது அவர் இறந்த பிறகுதான். 1947 இல் லாங் கீக்கு அண்மையிலுள்ள இஸ்லமொராடாவில் ஜோ புரூக்ஸ் என்பவர் படகோட்டி ஜிம்மி ஆல்பிரைட்டின் துணையுடன் போன்ஃபிஷ்களை ஃபிளை கொண்டு பிடித்துக் காட்டினார். பகாமாசு முதல் சீசெல்சு வரை இன்று ஃபிளை தூண்டிலாளர்கள் தேடிச் செல்வது பெரும்பாலும் இந்த மீனைத்தான்.

கடற்பயணங்கள்

1918 இல் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள கட்டலினா தீவின் தூண்டிலாளர் சங்கத்தில் கிரே உறுப்பினரானார். 1920 இல் 418 பவுண்டு எடையுள்ள வாள்மீன் ஒன்றைப் பிடித்துப் பெருமை பெற்றார். அடுத்த ஆண்டே ஒரு பெண்மணி அதனினும் பெரிய 426 பவுண்டு மீனைப் பிடித்தார். பிறர் உதவியின்றி ஒரு பெண்ணால் அது இயலாது எனக் கிரே சொல்லித் திரிந்தார். சங்கம் கண்டிக்கவே மன்னிப்புக் கேட்டு விலக நேர்ந்தது. தோல்வியைத் தாங்கும் இயல்பு அவரிடம் குறைவு என்பதற்கு இது ஒரு சான்று.

1924 இல் நோவா ஸ்கோசியாவில் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றை வாங்கி அதற்கு "ஃபிஷர்மேன்" எனப் பெயரிட்டார். 1925 இல் பனாமாவிலிருந்து கோகோஸ் தீவு, கலாபகசு, மெக்சிக்கோவின் மேற்குக் கரை ஆகிய இடங்களுக்குச் சென்றார். கோகோஸ் தீவருகே தூண்டிலில் சிக்கிய மீன்களைப் படகில் ஏற்றுவதற்குள் சுறாக்கள் தின்றுவிடுவது வழக்கமாயிற்று. 1926 இல் பசிபிக் மயில்மீனுக்கு இவர் பெயரால் "இஸ்டியோஃபோரஸ் கிரேயி" என அறிவியற்பெயர் இடப்பட்டது. பின்னர் அது தனி இனமன்று எனக் கொள்ளப்பட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. அதே ஆண்டு நியூசிலாந்துக்குச் சென்ற இவர், உள்ளூர்த் தூண்டிலாளர்களின் கருவிகளையும் முறைகளையும் குறைகூறி அவர்களது வெறுப்பைத் தேடிக்கொண்டார்.

தஹிட்டி மீன்

1928 முதல் தஹிட்டித் தீவின் வைராவோ என்னும் ஊரில் முகாம் அமைத்துப் பல மாதங்கள் தங்கலானார். மார்லின் மீனுக்காகப் பல வாரங்கள் ஒன்றும் கிடைக்காமல் கடலில் சுற்றுவது அங்கு இயல்பு. 1930 மே மாதத்தில் மிகப் பெரிய மார்லின் ஒன்று சிக்கியது. பல மணிநேரப் போராட்டத்தின் பின் படகருகே கொண்டுவரும் வேளையில் சுறாக்கள் அதைத் தாக்கிச் சதையைக் கடித்துச் சென்றன. எஞ்சிய உடலே 1,040 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 472 கிலோ இருந்தது. தூண்டில் கோலும் ரீலும் கொண்டு ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட மீன் பிடிக்கப்பட்டது இதுவே முதன்முறை என்பர். கிரே இதை வரி மார்லினின் பேருருவம் என்று எண்ணினார்; இன்று நீல மார்லினாகக் கருதப்படுகிறது. இப்போதைய பன்னாட்டு விதிகளின்படி சுறா கடித்துச் சிதைத்த மீன் சாதனையாக ஏற்கப்படுவதில்லை.

எமிங்வேயின் "கிழவனும் கடலும்" குறுநாவலுக்கு இந்நிகழ்ச்சி தூண்டுகோலாக இருந்திருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர். எமிங்வே கியூபாவில் கேள்விப்பட்ட ஒரு மீனவரின் கதையை 1936 இலேயே கட்டுரையொன்றில் எழுதியிருப்பதால், அதையே மூலமாகக் கொள்வது பொருத்தமானது.

செலவும் குடும்பமும்

இப்பயணங்களில் கிரேயுடன் இளம் பெண்கள் செயலாளர்களாகவும் தோழியராகவும் சென்றனர். டாலி இதை அறிந்திருந்தார். மனவருத்தம் இருந்தபோதும் மணமுறிவு கோரவில்லை. வருமானத்தில் பாதி தமக்கு என்ற ஏற்பாட்டுடன் வீட்டையும் எழுத்துத் தொழிலையும் நடத்தினார். 1929 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் இதழ்கள் தரும் தொகை குறைந்தது. அந்நேரத்தில் உலகைச் சுற்றிவரும் எண்ணத்துடன் "ஃபிஷர்மேன் 2" என்ற பெரிய கப்பலைக் கிரே வாங்கினார். அதன் பராமரிப்புச் செலவு கடனில் முடிந்தது. உலகப் பயணம் நிறைவேறவில்லை. அவ்வளவு செலவையும் தாங்கியது டாலியின் கணக்குப் புத்தகமே. இதனை வாழ்க்கை வரலாறுகள் நெடுங்காலம் போதிய அளவு சொல்லவில்லை.

இறுதிக்காலம்

1935 செப்டம்பரில் வீசிய சூறாவளி லாங் கீ விடுதியை முற்றாக அழித்தது. கடல்மேல் இருப்புப்பாதையும் திரும்ப அமைக்கப்படவில்லை. 1936 இல் ஆஸ்திரேலியா சென்ற கிரே, சிட்னிக்கு வெளியே 1,036 பவுண்டு புலிச்சுறாவைப் பிடித்தார். பெருந்தடுப்புப் பவளத்திட்டை ஒட்டிய ஹேமன் தீவில் எடுக்கப்பட்ட "வைட் டெத்" என்ற திரைப்படத்தில் தாமாகவே நடித்தார். அடுத்த ஆண்டு ஒரிகனில் ஆற்று மீன்பிடிப்பின்போது பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். ஓரளவு தேறினாலும் 1939 அக்டோபரில் அல்டடீனா இல்லத்தில் மாரடைப்பால் இறந்தார். டாலி 1957 வரை வாழ்ந்து, எஞ்சிய கையெழுத்துப் படிகளைப் பதிப்பித்து வந்தார். இருவரது சாம்பலும் அவர்கள் சந்தித்த தெலாவேர் ஆற்றங்கரையின் லாக்கவாக்சன் ஊரில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.