பஞ்சாலைப் பணம் பல்கலைக் கழகமான கதை
வள்ளல் அழகப்பச் செட்டியார்

1947-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி. சுதந்திரம் வர இன்னும் ஆறு வாரம் இருந்தது. சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டை ஒட்டி ஒரு கூட்டம் நடந்தது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். பள்ளிப் படிப்பை முடித்து வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் இடம் இல்லை. புதுக் கல்லூரிகளை எல்லாம் அரசாங்கமே கட்டிவிட முடியாது. செல்வர்கள் முன்வர வேண்டும் என்று அவர் கேட்டுக் கொண்டார்.

இப்படிப்பட்ட வேண்டுகோள்கள் மேடைகளில் நாள்தோறும் எழுவதுதான். கைதட்டலோடு அவை முடிந்து போவதும் உண்டு. ஆனால் அன்றைய கூட்டத்தில் முப்பத்தெட்டு வயதுள்ள ஒரு பஞ்சாலை முதலாளி அமர்ந்திருந்தார். அங்கேயே அப்போதே அவர் பதில் சொல்லிவிட்டார். தம் ஊர்ப் பக்கமான காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்து, முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார்.

வாக்குக் கொடுத்து நாற்பது நாள் ஆகவில்லை. ஆகஸ்ட் 11-ந் தேதி காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி திறந்து விட்டது. சொந்தக் கட்டடம் இல்லை, மைதானம் இல்லை. ஆனாலும் மாணவர்கள் வந்து விட்டார்கள், வகுப்பும் நடந்தது. சுதந்திரக் கொடி ஏறுவதற்கு நான்கு நாள் முன்னதாகவே காரைக்குடியில் கல்லூரி மணி அடித்துவிட்டது.

அந்த முதலாளிதான் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

கோட்டையூர்ப் பிள்ளை

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், 1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி அழகப்பர் பிறந்தார். தந்தை க.வீ.அழ. ராமநாதன் செட்டியார், தாயார் உமையாள் ஆச்சி. நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாளில் எழுதி வைத்த பாதை ஒன்று உண்டு. கணக்கு எழுதப் பழகி, கப்பல் ஏறி, பர்மாவிலோ மலாயாவிலோ உள்ள கடையில் பெட்டியடிப் பையனாக அமர்ந்து தொழில் கற்றுக் கொள்வது. கல்லூரிப் படிப்பு என்பது வியாபாரத்துக்கு வேண்டாத செலவு என்று பலரும் எண்ணிய காலம் அது.

அழகப்பர் வேறு வழியில் போனார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்ததும், சென்னை ராஜதானிக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக் கொண்டார்.

பாரிஸ்டராகத் திரும்பியவர் கறுப்புக் கோட்டு மாட்டிக் கொண்டு கோர்ட்டுக்குப் போகவில்லை. தொழிலில் இறங்கினார். 1937-ல் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூருக்கு அருகே கொச்சின் டெக்ஸ்டைல்ஸ் என்ற பஞ்சாலையை நிறுவினார். ஆலை வந்ததும் அதைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. அந்த ஊருக்கு இன்றும் அழகப்ப நகர் என்றே பெயர். பஞ்சாலையோடு அவர் நிற்கவில்லை. மலாயாவில் ரப்பர்த் தோட்டம், பம்பாயில் பங்கு வியாபாரம், இன்ஷூரன்ஸ், ஹோட்டல் என்று தொழில்கள் பெருகின. ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியையும் நடத்தினார். நாற்பது வயது நிரம்பும் முன்பே நாடறிந்த கோடீசுவரர் ஆகிவிட்டார். ஆங்கில அரசு அவருக்கு 'சர்' பட்டம் வழங்கியது.

உடலில் ஒரு பகை

இத்தனை செல்வத்துக்கும் நடுவே அவரை வாட்டிய துயரம் ஒன்று உண்டு. அழகப்பரைத் தொழுநோய் பற்றியிருந்தது.

இன்று அது மாத்திரையில் குணமாகும் நோய். 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய பிறகு, அந்நோயின் கொடுமை பெரும்பாலும் அடங்கி விட்டது. அழகப்பர் காலத்தில் அப்படி அல்ல. நோயைவிட ஊரார் பார்வை கொடியது. அந்த நோய் வந்தவனைப் பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள். அவன் தொட்டதைத் தொட மாட்டார்கள். ஏழையாயிருந்தால் ஊருக்கு வெளியே துரத்துவார்கள். செல்வனாயிருந்தால் முன்னே சிரித்துப் பின்னே விலகுவார்கள்.

அந்த நிலையில் ஒரு மனிதன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக் கொண்டு கிடந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. உலகத்தின் மேல் கசப்புக் கொண்டிருந்தாலும் வியப்பில்லை. அழகப்பரோ தமக்கு நாள் குறைவு என்று அறிந்தவர் போல, செய்ய வேண்டியதை எல்லாம் அவசர அவசரமாகச் செய்து தீர்த்தார்.

கோயில் போய்க் கல்லூரி

நகரத்தாருக்குத் தர்மம் புதிதல்ல. வரவு செலவுக் கணக்கில் மகமை என்று ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது அவர்கள் மரபு. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களின் திருப்பணி அந்தப் பணத்தில் நடந்தது. கல்விக்கு அந்தப் பணத்தைத் திருப்பியவர்களில் முன்னோடி ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சிதம்பரத்தில் கல்லூரி கண்டு, 1929-ல் அதைப் பல்கலைக் கழகமாக்க இருபது லட்சம் ரூபாய் கொடுத்தவர் அவர்.

கோயமுத்தூரிலும் இதே காலத்தில் இதே எண்ணம் வேர் விட்டது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வர். அவர்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். 1926-ல் ஏற்பட்ட அந்த அறநிலையத்திலிருந்துதான் பி.எஸ்.ஜி. கல்லூரிகள் கிளைத்தன.

அழகப்பரின் கொடை 1944-ல் பெரிய அளவில் வெளிப்பட்டது. யுத்தம் நடந்து கொண்டிருந்த நேரம். பஞ்சாலைகளுக்கும் ரசாயனத் தொழிற்சாலைகளுக்கும் தேர்ந்த நிபுணர்கள் கிடைக்கவில்லை. தறி ஓட்ட ஆள் உண்டு. நூலின் தன்மையையும் சாயத்தின் கணக்கையும் அறிவியல் முறையில் அறிந்தவர்கள் இல்லை. சென்னைப் பல்கலைக் கழகம் கிண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி அமைக்க விரும்பியது. அழகப்பர் ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். ரசாயனப் பொறியியலும் ஜவுளித் தொழில்நுட்பமும் அங்கே பாடங்களாயின. அதுவே ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி. 1978-ல் அது அண்ணா பல்கலைக் கழகத்தின் அங்கமாயிற்று.

திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் தமிழாராய்ச்சிக்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தவரும் அவரே. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை 1950-களின் தொடக்கத்தில் அங்கே தமிழ்த் துறையில் பணியாற்றினார். தொழில் கல்விக்குக் கொடுத்த அதே கை, தமிழுக்கும் கொடுத்தது.

முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும்

சுதந்திரம் வந்ததும் மத்திய அரசு நாடெங்கும் தேசிய ஆராய்ச்சி சாலைகளை நிறுவ முற்பட்டது. பிரதமர் நேருவின் ஆதரவோடு விஞ்ஞானி சாந்தி சுவரூப் பட்நாகர் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். டெல்லி, பூனா, ஜாம்ஷெட்பூர் என்று பெரிய ஊர்களுக்கு ஒவ்வொன்று கிடைத்தது. மின்ரசாயனத்துக்கு ஓர் ஆராய்ச்சி சாலை வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. அதை எங்கே வைப்பது?

அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாய் ரொக்கமும் தருவதாக முன்வந்தார். 1940-களின் பதினைந்து லட்சம் என்பது சிறு தொகை அல்ல. செம்மண் காடாகக் கிடந்த காரைக்குடிக்கு 1948-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் திருநாளில், துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆராய்ச்சி சாலையைத் திறந்து வைத்தார்.

மின்ரசாயனம் என்றால் ஏதோ எட்டாத விஷயம் என்று நினைக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கின்றன. காடா நிறத்தில் வரும் பனியன் துணியை வெள்ளை வெளேரென்று ஆக்கத் திருப்பூர் வெளுப்புப் பட்டறைகள் நெடுங்காலம் நம்பியிருந்தது குளோரினிலிருந்து செய்த வெளுப்பு மருந்துகளைத்தான். மோட்டார் பாட்டரி, முலாம் பூசுதல், இரும்பில் துரு ஏறாமல் காத்தல் எல்லாம் அந்தச் சாஸ்திரத்தின் பிள்ளைகள். கடல் காற்றில் உலோகம் அரிப்பதை ஆராய மண்டபத்தில் ஒரு கிளையையும் காரைக்குடி ஆராய்ச்சி சாலை நடத்துகிறது.

திருப்பூருக்கும் காரைக்குடிக்கும் இன்னொரு தொடர்பும் பின்னாளில் ஏற்பட்டது. பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை விவசாயியின் கிணறும் நிலமும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்ற நிலை வந்தது. சாயக் கழிவை மின்ரசாயன முறையில் சுத்தம் செய்வது எப்படி என்று ஆராய்ந்த இடங்களில் காரைக்குடியும் ஒன்று.

கொடுத்துக் கொண்டே போனவர்

காரைக்குடியில் கல்லூரி ஒன்றோடு முடியவில்லை. 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி, பிறகு உடற்பயிற்சிக் கல்லூரி. அவற்றோடு பெண்கள் பள்ளி, குழந்தைகள் பள்ளி, பாலிடெக்னிக். அரிச்சுவடி படிக்கும் குழந்தை, அந்த வளாகத்தை விட்டு வெளியேறாமலே பொறியியல் படித்து முடிக்கலாம் என்ற அளவுக்கு எல்லாப் படிகளும் அங்கே அமைந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடம் கட்டுவது ஒரு நாள் செலவு. கல்லூரி நடத்துவது என்றைக்கும் உள்ள செலவு. ஆசிரியருக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். சோதனைச் சாலைக்கு வருஷா வருஷம் சாமான் வேண்டும். ஒரு மனிதனின் செல்வம் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பர்மாவில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து 1942-ல் ஜப்பானியர் வந்ததும் கைவிட்டுப் போனதை நகரத்தார் கண்ணாரக் கண்டவர்கள். அந்த அடிக்குப் பின் பலர் கையை இறுக்கிக் கொண்டார்கள். அழகப்பர் கையை விரித்தார்.

1956-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 5-ந் தேதி, அழகப்பர் காலமானார். மறு நாள் விடிந்திருந்தால் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். ஊர் அஞ்சிய நோயைச் சுமந்தபடி, காரைக்குடியில் முதல் கல்லூரி திறந்த நாளிலிருந்து அவருக்குக் கிடைத்தது பத்து ஆண்டுகூட இல்லை.

எது நின்றது?

அழகப்பர் கட்டியவற்றில் எது நின்றது, எது போயிற்று என்று கணக்குப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். விமானக் கம்பெனி இன்று இல்லை. அவர் நிறுவிய பஞ்சாலை பின்னாளில் தேசிய ஜவுளிக் கழகத்தின் கைக்குப் போயிற்று. லாபத்துக்காக நட்ட மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. லாபம் கருதாமல் நட்டவை நிற்கின்றன.

அவையும் அப்படியே அவர் பெயரால் மட்டும் நின்று விடவில்லை. கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள் ஆயின. 1985-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றி அழகப்பா பல்கலைக் கழகத்தை ஏற்படுத்தியது. அதாவது, விதையைத் தனி மனிதர் போட்டார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மக்கள் வரிப்பணம் ஏற்றுக் கொண்டது. விதை இல்லாமல் மரம் இல்லை என்பதும் உண்மை. தண்ணீர் இல்லாமலும் இல்லை என்பதும் உண்மை.

திருப்பூர் வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல. 1966-ல் தொடங்கிய சிக்கண்ணா அரசுக் கல்லூரி ஒரு செல்வரின் பெயரையும் அரசின் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. 1997-ல் பனியன் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் பின்னலாடைத் தொழிலுக்கென்றே நிப்ட்-டீ கல்லூரி எழுந்தது. ஒருவர் தனியே தூக்கிய சுமையை இங்கே ஒரு சங்கம் சேர்ந்து தூக்கியது.

இன்று பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அழகப்பர் காலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எத்தனை பங்கு கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

காரைக்குடி ரயில் நிலையத்தில் இறங்கிக் கல்லூரிச் சாலையில் நடந்தால், காலை வேளையில் புத்தகப் பையோடு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போவதைக் காணலாம். அவர்களில் பலருடைய வீட்டில் அவர்கள்தாம் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். உடல் நோயால் ஊர் ஒதுக்கத் துணிந்த ஒரு மனிதரின் பெயரை, அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் பட்டத்தில் தாங்கிக் கொண்டு வெளியே வருகிறார்கள்.