சின்னமலையும் ஊரின் நினைவும்

கொங்கு நாட்டில் ஆடிப்பெருக்கு என்றால் ஆற்றுப்புனலோடு ஓடாநிலையும் நினைவுக்கு வரும். அங்கே கோட்டை கட்டி ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை, காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி.

அப்பெயரை மங்கச் செய்தது ஒரு கதை. கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தபோது, தண்டல்காரர் கொண்டுசென்ற வரிப்பணத்தை அவர் வழிமறித்துப் பறித்தார். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை உண்டென்று சொல்லியனுப்பினார் என்பது மக்கள் வாய்மொழி.

ஒரு தொகுதியில் சிலவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தால், அத்தொகுதியின் எஞ்சியவற்றை நினைவுகூர்வது கடினமாகும் என்பதை 1994-இல் ஆண்டர்சனும் பியார்க் இணையரும் ஆய்வில் காட்டினர். சில பழங்களின் பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோருக்கு, சொல்லாமல் விட்ட பழங்கள், தொடாமலே விட்ட வேறு பட்டியலின் சொற்களைவிடக் குறைவாகவே நினைவில் எழுந்தன. சொல்பவர் விட்டதைக் கேட்பவரும் மறக்கின்றனர் என்பது பின்வந்த ஆய்வு. ஊரே கூடிச் சொல்லும் வரலாற்றுக்கும் இது பொருந்தும்போலும்.

வரிப்பணக் கதையை அறிந்தோர் பலர். அதே மைசூரின் திப்பு சுல்தானுக்குத் துணையாகச் சின்னமலை ஆங்கிலேயரோடு பொருததை எண்ணுவோர் சிலரே. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்தபின் அவர் ஓடாநிலைக்குத் திரும்பிப் படை திரட்டினார். 1800 ஜூன் 3 அன்று கோவைக் கோட்டையைத் தாக்கக் கிளர்ச்சியாளர் பலர் சேர்ந்து வகுத்த திட்டம் முறிந்தது. 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒரு வீரரின் கதைக்குள் இந்த 42 பேர் எளிதில் அடங்குவதில்லை.

காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர் எனப் போர்கள் தொடர்ந்தன. இறுதியில் பழனிப் பகுதியில் பிடிபட்ட சின்னமலை, உடன்பிறந்தாரோடு 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

அவரைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் சமையற்காரர் நல்லப்பனின் பெயர் கதையில் தங்கிவிட்டது. ஆங்கிலேயர் வருகையைச் செருப்புக்குள் மறைத்த ஓலையால் உணர்த்தி, அதற்காகவே உயிரிழந்த தோழர் பொல்லானின் பெயரோ நெடுங்காலம் பின்னுக்குப் போயிருந்தது. பெயர்ப்பொருளை நோக்கின் இது விந்தையே. அண்மை ஆண்டுகளில் நல்லமங்காபாளையத்தில் பொல்லானின் நினைவுநாளுக்கும் மக்கள் கூடுகின்றனர்.