வீடு தேடி வந்த ஓவியங்கள்

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் ராஜா ரவி வர்மா. அவர் தீட்டிய தைலவண்ண ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களை அலங்கரித்தன. அவற்றை வாங்கும் வசதி எளியோருக்கு இல்லை. எனவே, 1894இல் பம்பாயில் அச்சகம் ஒன்றை நிறுவினார். அங்கு ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனிக் கல்லில் பதித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர்.

இலட்சுமியும் சரசுவதியும் குறைந்த விலையில் எளியோர் இல்லங்களுக்கும் வந்தனர். கோவிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்டோரும் அப்படங்களை வீட்டில் வைத்து வழிபட முடிந்தது.

படங்கள் பரவின, கடனும் பெருகியது. இறுதியில், அச்சகத்தை ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரிடம் விற்றார். 1906இல் அவர் மறைந்த பின்னும், அவருடைய ஓவியங்கள் நாட்காட்டிகளிலும் தீப்பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் இடம்பெற்றன. கடையில் பொருளை விற்க உதவிய அதே படம், வீட்டில் பூசைக்குரியதாகவும் விளங்கியது.