கதவடைத்த சாமியார்

சேர்வராயன் மலையிலே, கொட்டச்சேட்டுப் பக்கத்து மக்கள், உச்சிக் குகையில் குடியிருக்கும் சேர்வராயனைக் கும்பிட்டு வருகிறார்கள். உள்ளே போகலாமா, போனால் தீட்டாகிவிடுமா என்று காசிக்கு ஆளனுப்பி அவர்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? அதை அறியவே, வடநாட்டுச் சாமியார் ஒருவரின் வாழ்க்கையை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

கரபாத்திரி சுவாமிகள் என்பது அவர் பெயர். உத்தரப் பிரதேசத்துப் பிரதாப்கட் மாவட்டத்தில் 1907இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஹர் நாராயண் ஓஜா. இளமையிலேயே வீட்டைத் துறந்தார். பிச்சையைக் கையிலேயே வாங்கி உண்டதால் கரபாத்திரி ஆனார். கரமே பாத்திரம்! திருவோடு கூடச் சுமை என்று கருதிய துறவி. படிப்பிலும் சோடையில்லை. சமஸ்கிருத சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். மார்க்சியத்தை மறுத்துப் பெரியதொரு நூலே எழுதினார். எதிரியின் அறிவை மறைப்பது நம் வழக்கமல்ல.

1940இல் தர்ம சங்கம் கண்டார். 1948இல் ராமராஜ்ய பரிஷத் என்னும் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் அக்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 3 இடங்கள். இராஜஸ்தான் சட்டமன்றத்திலோ 24! ஜமீன்களையும் ஜாகீர்களையும் இழக்கவிருந்த பிரபுக்களுக்குத் தர்மத்தின்மீது திடீரென்று பிறந்த பக்தியை நாம் விளக்கவும் வேண்டுமோ?

பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்ட மசோதாவை டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்தபோது, சாமியார் வீதிக்கு வந்தார். அம்பேத்கரை வாதுக்கு அழைத்தார். வாதம் சட்டத்தோடு நிற்கவில்லை, சாதிக்குப் போயிற்று. தீண்டப்படாதவராகப் பிறந்தவருக்குச் சாஸ்திர விஷயத்தில் என்ன வேலை என்பதே அவர் பேச்சின் சாரம். மசோதா முடங்கியது, 1951இல் அம்பேத்கர் பதவி துறந்தார். 1955, 1956ஆம் ஆண்டுகளில் அதே சீர்திருத்தம் துண்டு துண்டாகச் சட்டமாயிற்று என்பது வேறு கதை.

அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. அந்த ஐம்பதுகளிலேதான் காசி விசுவநாதர் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தனர். சாமியார் மறித்தார்; கைதானார். சிறை சென்றவரெல்லாம் தியாகிகள் என்று எண்ணும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. கதவைத் திறக்கச் சிறை சென்றவர்களும் உண்டு, அடைக்கச் சென்றவர்களும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டத்தை வெல்ல முடியவில்லை. பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை! பழைய கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறி, கங்கைக் கரையில் மீர் கட்டுப் பக்கம் வேறொரு விசுவநாதரை நிறுவினார். பொதுக் கோயில் என்றால்தானே சட்டம் நுழையும்? இது தனியார் கோயில்! பிச்சைப் பாத்திரம் கூடத் தன்னுடையதாக இருக்கலாகாது என்றவர், விசுவத்துக்கே நாதன் எனப்படுபவனைத் தனிச் சொத்தாக்கினார்.

காசியைப் பார்த்து நாம் மட்டும் சிரிக்க இயலாது. மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர், கக்கன் முதலானோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, அர்ச்சகர்கள் பூசைக்கு வர மறுத்தார்கள். அந்தப் பிணக்கு 1945 வரை நீடித்தது. ஆனால் இங்கே மறுத்தவர்களே திரும்பி வந்தார்கள். காசிச் சாமியார் திரும்பவில்லை.

1966 நவம்பர் 7. பசுவதைத் தடை கோரிக் கரபாத்திரியும் மற்றச் சாமியார்களும் திரட்டிய கூட்டம் டில்லியில் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அன்றைய கலவரத்தில் காமராசர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். வீட்டிலிருந்த அவர் உயிர் தப்பினார். விருதுநகரில் பிறந்து, ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போட்டவர் வீட்டில் நெருப்பு! உள்துறை அமைச்சர் நந்தா பதவி விலகினார்.

கட்சி தேய்ந்தது, எழுபதுகளில் ஜனசங்கத்தில் கலந்தது. 1982 பிப்ரவரி 7 அன்று காசியிலேயே சாமியார் மறைந்தார். தீட்டுப்பட்டதென்று அவர் கைவிட்ட பழைய கோயிலை மறு ஆண்டே மாநில அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. கூட்டம் அங்கேதான் போகிறது. வரிசையில் நிற்பவனிடம் சாதி கேட்பாரில்லை.