ஊர் வரலாறு தொகுத்த மெக்கன்சி

பேரரசர்தம் பெருமையைப் பாடுவோர் எக்காலத்தும் உளர். ஓர் ஏரியை வெட்டுவித்தவர் யார், ஒரு கோயிலுக்கு நிலம் விட்டவர் யார், ஓர் ஊர் எவ்வாறு தோன்றிற்று என்னும் செய்திகளை எழுதி வைப்பார் சிலரே. அச்செய்திகளைத் தென்னாடெங்கும் தேடித் தொகுத்தவர் கர்னல் காலின் மெக்கன்சி என்பவர்.

இவர் ஸ்காட்லாந்து நாட்டைச் சார்ந்த லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்னும் ஊரில், 1754-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். 1783-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, கிழக்கிந்தியக் கும்பெனியின் படையில் பொறியாளராக அமர்ந்தார். மதுரையில் கற்றறிந்த அந்தணர் சிலரோடு பழகும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. இந்நாட்டுக் கணித நூல்களைப் பற்றி அறியப் புகுந்த இவர் உள்ளம், நாளடைவில் நாட்டின் தொன்மையிலேயே தோய்ந்துவிட்டது. ஆயினும், போரும் படைப்பணியும் பல்லாண்டுகள் இவருடைய காலத்தைக் கவர்ந்துகொண்டன.

மற்றொரு குறையும் இருந்தது. இவர் இந்நாட்டு மொழிகளைக் கற்றவரல்லர். அக்குறையை நீக்கியவர் ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கடபோரய்யா என்னும் இளைஞர். பன்மொழிப் புலமை வாய்ந்த இவர் 1796-ஆம் ஆண்டளவில் மெக்கன்சியிடம் பணியேற்றார். பழங்கன்னட எழுத்தாலாகிய கல்வெட்டுக்களையும் படித்தறிந்தார். 1799-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்புவிக்கப்பட்டது. நிலத்தை அளந்ததோடு அவர் அமையவில்லை. தம் உதவியாளரை ஊர்தோறும் அனுப்பினார். அவர்கள் கர்ணங்களையும் முதியோரையும் அணுகி, ஊர் வரலாறுகளைக் கேட்டு எழுதினர். கைபீது எனப்படுவன இவையே. கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் படியெடுத்தனர்.

1803-ஆம் ஆண்டில் போரய்யா இளமையிலேயே இறந்தார். அவர் தம்பி இலட்சுமய்யா அப்பணியை ஏற்று நடத்தினார். 1815-ஆம் ஆண்டில் மெக்கன்சி இந்தியாவின் முதல் தலைமை நில அளவையர் ஆனார். கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதிக்கு 1816-ஆம் ஆண்டில் சென்று, ஆங்கிருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களை ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். அச்சிற்பங்களுட் பல பின்னாளில் அழிந்தொழிந்தன. அவற்றின் வடிவை இன்று நாம் அறிவது அவ்வோவியங்களால்தான்.

1821-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் மெக்கன்சி கல்கத்தாவை அடுத்து உயிர்நீத்தார். அவர் தொகுத்தவற்றுள் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218. கும்பெனியார் இத்தொகுதியை அவர்தம் மனைவியாரிடமிருந்து விலைக்கு வாங்கினர். வில்சன் என்னும் அறிஞர் 1828-ஆம் ஆண்டில் இதற்கு அட்டவணை வெளியிட்டார். எஞ்சிய பணியைத் தாமே தொடர இலட்சுமய்யா விண்ணப்பித்தார். இந்தியர் ஒருவர் தலைமை ஏற்பதற்கு அக்கால ஆங்கில அறிஞர் இசைந்திலர். ஊரூராய் அலைந்து உழைத்தவர்க்கு உரிய பெருமை அன்று கிட்டவில்லை.

தொகுத்த ஏடுகளுக்கும் கேடு சூழ்ந்தது. சென்னைக்கு அனுப்பப்பெற்ற சுவடிகளுட் சில பூச்சியால் அரிப்புண்டன. சிலவற்றில் மை மங்கிற்று. 1830-களில் டெய்லர் என்னும் பாதிரியார் அவற்றை ஆராய்ந்து, சிதைந்தவற்றுக்குப் புதுப்படி எடுப்பித்தார். அவ்வாறு பிழைத்தவை சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தைச் சேர்ந்தன.

ஏடு அழியும், உரிய காலத்தில் எடுத்த படி, ஏடு அழிந்த பின்னும் வாழும். அன்று எழுத்தாணியும் இறகுப் பேனாவும் செய்த தொண்டை, இன்று மின்னுருவாக்கம் செய்கின்றது. பழைய சுவடிகளும் நாளிதழ்களும் ஆவணங்களும் படம் பிடிக்கப்பெற்றுக் கணினியில் சேமிக்கப்படுகின்றன. ஆயினும், பரணிற் கிடக்கும் ஏடு தானே வெளிவாராது. அதனைத் தேடிச் செல்லும் கால்களும், படித்துரைக்கும் புலமையும் வேண்டும். மெக்கன்சியும் காவலி உடன்பிறந்தாரும் காட்டிய நெறி அதுவே. தத்தம் ஊரின் பழஞ்செய்திகளைக் கேட்டறிந்து எழுதி வைத்தல் மாணவர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.