ஓரத்தில் நின்ற தலைவர்

முதன்முதலாக என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் ஐயம் எழுவதுண்டு. ஓர் உயரத்தை முதலில் எட்டியவரைப் பாராட்டும் நாம், அவருக்கு முன்பு எவரும் அதை எட்டாமல் போனது ஏன் என்று கேட்பதில்லை. திறமை அதுவரை இல்லாதிருந்து திடீரெனப் பிறந்ததா? பூட்டியிருந்த கதவு அன்றுதான் திறந்ததா? கிளைவ் சல்லிவன் என்ற ரக்பி ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் படித்தபோது இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்ததாக உணர்ந்தேன்.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், ஸ்ப்ளாட் என்ற உழைப்பாளர் குடியிருப்பில், 1943 ஏப்ரல் 9 அன்று ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பதின்பருவத்தில் கால்களிலும் தோள்களிலும் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. விளையாட்டு அவருக்கு வாய்க்காது என்பதே அன்றைய கணிப்பு. பின்னர் இராணுவத்தில் சேர்ந்த அவர், அங்கே ரக்பி ஆடத் தொடங்கினார்; கணிப்பு பொய்த்தது.

இங்கே ரக்பியின் வரலாற்றைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். 1895இல் இங்கிலாந்தில் அந்த விளையாட்டு இரண்டாக உடைந்தது. ஆட்டத்துக்காக ஊதியத்தை இழக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஈட்டுத்தொகை தரலாமா என்பதே தகராறு. தரலாம் என்ற வடபுலத்துச் சங்கங்கள் பிரிந்து சென்றன. அவர்களின் ஆட்டமே பிற்காலத்தில் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது. அணிக்குப் பதின்மூன்று பேர். கையால் பந்தைப் பின்னோக்கி மட்டுமே வீசலாம். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது டிரை. அக்காலத்தில் அதற்கு மூன்று புள்ளிகள். பணம் தீட்டு என்று கருதிய ரக்பி யூனியனோ, லீக்கில் ஒருமுறை காலடி வைத்தவரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கி வைத்தது.

வேல்ஸில் யூனியன் ரக்பி ஏறத்தாழ ஒரு தேசிய மதம். ஆயினும் 1980கள் வரை அதன் தேசிய அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இடம்பெறவில்லை. அதே கார்டிஃபின் துறைமுகப் பகுதியிலிருந்து பில்லி பாஸ்டன், கோலின் டிக்ஸன் போன்றோர் வடக்கே சென்று லீக்கில் புகழ்பெற்றார்கள். பாஸ்டன் விகன் சங்கத்துக்காக மட்டும் 478 டிரைகள் எடுத்தார். அந்த மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் மனம்தான் இல்லை.

சல்லிவனும் அவ்வழியே நடந்தார். பிராட்ஃபர்ட் நார்தர்ன் சங்கம் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றது. 1961 டிசம்பரில் ஹல் நகரச் சங்கம், பிராம்லி அணிக்கு எதிரான ஆட்டத்தில், சொந்தப் பெயரை வெளியிடாமல் அவரைக் களமிறக்கியது. தேர்வாகாமல் போனால் யூனியனின் தடை வாழ்வையே பாழாக்கிவிடும் என்பதால் புதியவர்களின் பெயரை மறைப்பது அன்றைய வழக்கம். பதினெட்டு வயது நிரம்பிய அந்தப் பெயரற்ற இளைஞர் மூன்று டிரைகள் எடுத்தார். மறுநாளே ஒப்பந்தம் கையெழுத்தானது.

அவர் ஆடிய இடம் விங். களத்தின் ஓரக்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். பந்து பல கைகள் மாறித்தான் அவரிடம் வரும், வராமலும் போகும். வந்துவிட்டால் மிகக் குறுகிய இடைவெளியில் புகுந்து ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் அவருக்கு நிகரானவர் அன்று மிகச் சிலரே. 1968 ஏப்ரலில் டொன்காஸ்டர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு டிரைகள் எடுத்தார். அதே மாதத்தில்தான் ஈனாக் பவல் என்ற அரசியல்வாதி, குடியேறிய கறுப்பின, ஆசிய மக்களுக்கு எதிராகப் பர்மிங்காமில் ஆற்றிய உரை நாட்டையே பிளந்தது. அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான், வாரந்தோறும் வெள்ளைத் தொழிலாளிகள் நிறைந்த அரங்குகளில் அவர் ஓடினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நான்கே ஆண்டுகளில், 1972இல், அவர் பிரிட்டன் ரக்பி லீக் அணியின் தலைவரானார். விளையாட்டு எதுவாயினும், பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஒப்பிட்டுப் பாருங்கள்: இங்கிலாந்துக் கால்பந்து அணியின் முழுநிலைச் சர்வதேச ஆட்டத்தில் ஒரு கறுப்பினத்தவர் ஆடியதே 1978இல்தான், தலைவரானது 1993இல்.

அவ்வாண்டு பிரான்ஸில் நடந்த உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்களிலும் சல்லிவன் டிரை எடுத்தார். நவம்பர் 11 அன்று லியோன் நகரில் ஆஸ்திரேலியாவுடன் இறுதி ஆட்டம். அதன் பழைய படப்பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியர் தவறவிட்ட பந்தைத் தம் அணியின் பாதிக்குள் பற்றிய சல்லிவன், துரத்தியவர்களைப் பின்தள்ளி, ஏறத்தாழ முழுக் களத்தையும் ஓடிக் கடக்கிறார். ஆட்டம் 10-10 எனச் சமனாகி, கூடுதல் நேரத்திலும் முடிவு கிட்டவில்லை. தொடக்கச் சுற்றின் எல்லா ஆட்டங்களிலும் வென்றிருந்ததால் கோப்பை பிரிட்டனுக்குக் கிடைத்தது. அதற்குப் பின் இன்றுவரை ஆடவர் கோப்பையை பிரிட்டனோ இங்கிலாந்தோ வென்றதில்லை.

அந்த வரலாற்று நிகழ்வை அரங்கில் அமர்ந்து கண்டவர்கள் 4,231 பேர் மட்டுமே. இதில்தான் என் கேள்விக்கான விடை இருக்கிறது. கதவைத் திறந்தது பிரிட்டிஷ் விளையாட்டின் மையம் அன்று. அந்த மையத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு விளையாட்டு. வடக்கத்தித் தொழிலாளிகளின் ஆட்டம் என்று மேட்டுக்குடி புறந்தள்ளியதாலேயே அதன் சாதனைகளும் புறந்தள்ளப்பட்டன. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு 'சர்' பட்டம் முதன்முதலாகக் கிடைத்தது 2025இல்தான். பெற்றவர் பில்லி பாஸ்டன்.

இதனால் லீக்கைப் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. நுழைவுக் கட்டணத்தை நம்பி வாழும் சங்கங்களுக்கு வெற்றி தேவைப்பட்டது. வெற்றிக்கு வேகமான கால்கள் தேவைப்பட்டன. கதவு திறந்ததில் பெருந்தன்மையைவிடத் தேவைக்கே பங்கு அதிகம். ஆனால் உள்ளே வந்தவரை மக்கள் எப்படி ஏற்றார்கள் என்பதற்குத் தேவை மட்டும் காரணமாகாது.

ஹல் நகரை நடுவே ஓடும் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ஹல் சங்கம், கிழக்கே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். இரண்டுக்கும் இடையிலான பகை தலைமுறை தாண்டியது. ஹல் அணிக்கு 250 டிரைகள் எடுத்த பிறகு, 1974இல் சல்லிவன் ஆற்றைக் கடந்து எதிரணிக்குப் போனார். அங்கே மேலும் 118 டிரைகள். 1980இல் வெம்பிளியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியில் இரு சங்கங்களும் நேருக்கு நேர் மோதியபோது, வென்ற ரோவர்ஸ் அணியில் முப்பத்தேழு வயது சல்லிவன் இருந்தார். இரண்டே ஆண்டுகளில் பழைய சங்கம் மீண்டும் அழைத்தது. விட்னஸ் அணியுடனான இறுதி ஆட்டம் சமனாகி மறு ஆட்டத்துக்குப் போனபோது, முப்பத்தொன்பது வயதில் களமிறங்கி, ஹல் கோப்பையை வெல்லத் துணைநின்றார். அணி மாறியவரை மன்னிக்காத ஒரு நகரம், இரு கரைகளிலும் அவரைத் தன் பிள்ளையாகவே கருதியது.

1985 அக்டோபர் 8 அன்று, நாற்பத்திரண்டே வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஹம்பர் பாலத்தின் பக்கமிருந்து ஹல் நகருக்குள் நுழையும் நெடுஞ்சாலைக்கு அந்த நகரம் அவர் பெயரைச் சூட்டியது. பிறந்த ஊரான கார்டிஃப், 2023இல்தான் பாஸ்டனுக்கும் கஸ் ரிஸ்மனுக்கும் அருகே அவருக்கும் சிலை எழுப்பியது. தன் நகரில் ஆடிப் பெருமை சேர்த்திருக்க வேண்டியவர்களை வழியனுப்பிவிட்டு, பல பத்தாண்டுகள் கழித்து வெண்கலத்தில் வரவேற்றது.

சிலை வைப்பது நல்லதே. பிழையை ஏற்கும் ஒரு வழி அது. ஆனால் சிலைகள் இறந்தவர்களுக்கானவை. இன்று ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தேர்வுக் குழுவின் முன்னால், வேறொரு திறமைசாலி ஓரக்கோட்டருகே காத்து நிற்கிறார். அவரிடம் பந்து போய்ச் சேருமா என்பதே இப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி.